டயரில் எழுதாத விலை

காந்தலூர்
18 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

ஸலாம். லமியா எழுதுகிறேன். உறையின் பின்னால் என் பெயரைப் பார்த்ததும் தூக்கிப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் அதுவே பெரிய விஷயம். முதலில் போன் பண்ணலாம் என்றுதான் நினைத்தேன். நீங்கள் 'ஹலோ' சொன்னதும் எனக்கு அழுகை வரும், உங்களுக்குக் கோபம் வரும், பாதியில் வைத்துவிடுவோம். கடிதத்தைக் கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

ஒன்பது வருஷம் கழித்து ஒரு வேலையாகத்தான் உங்களிடம் வருகிறேன். பாசம் பொங்கி வந்தேன் என்று பொய் எழுத மாட்டேன்.

நான் இங்கே பிரைமரி ஸ்கூலில் டீச்சராக இருக்கிறேன். மேலே தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள். ஆறு கிலோமீட்டர். முன்பு ஒரு ஜீப் ஓடியது, அந்த டிரைவர் போன வருஷம் நிறுத்திவிட்டார். பிள்ளைகள் நடக்கிறார்கள். நவம்பரில் யானை விரட்டி ஒரு பெண் குழந்தை ஓடையில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நாலு வீட்டில் "படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் சுதீரும் நானும் சேர்ந்து ஒரு ஜீப் வாங்கி ஓட்டுவதாக முடிவு செய்திருக்கிறோம். அவர்தான் டிரைவர். எங்கள் அதிதிக்கு ஏழு வயசு, அவளும் அதே வண்டியில்தான் போவாள். அந்த ஏற்றத்தில் மழை பெய்தால் சாதா வண்டி நகராது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேண்டும்.

இடக்கொச்சியில் இசக்கிராஜா என்று ஒருவர், இறால் தீவனக் கிடங்கு வைத்திருப்பவர், தன் ஜீப்பை விற்கிறாராம். 2007 மாடல். நாலு லட்சத்து அறுபதாயிரம் சொல்கிறார். எங்கள் கையில் இருப்பது நாலு. அதுவும் என் வளையல்கள் போன பிறகு.

நீங்கள் போய் அடியில் படுத்து, அந்தச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, வழக்கம்போல டயரில் சாக்பீஸால் விலையை எழுதிவிட்டு வந்தால் போதும். மெக்கானிக் அல்தாஃப் எழுதிய விலைக்கு மேல் தோப்பும்படியில் யாரும் பேரம் பேசமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எழுதினால் அவர் இறங்கித்தான் ஆக வேண்டும்.

மதினி நிஸாவுக்கு என் ஸலாம்.

லமியா

•

மட்டாஞ்சேரி
27 ஜனவரி 2025

லமியாவுக்கு,

கடிதம் வந்தது. வண்டியைப் பார்த்தேன். வேண்டாம்.

இஞ்சின் போய்விட்டது. ஆயில் குடிக்கிறது, புகை கறுப்பாக வருகிறது. இப்போது பழைய ஃபோர் வீலுக்கெல்லாம் விலை ஏறிக் கிடக்கிறது. காலேஜ் பையன்கள் வாங்கி, மேலே நாலு லைட் மாட்டி, தடி டயர் போட்டுச் சேற்றில் ஓட்டிப் படம் எடுக்கிறார்கள். பெயின்ட்டையும் டயரையும் பார்த்து ஐம்பதாயிரம் கூட்டிக் கொடுப்பார்கள். அடியில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இசக்கிராஜா அந்தத் தைரியத்தில்தான் நாலு அறுபது கேட்கிறார்.

டயரில் விலை எதுவும் எழுதவில்லை. வாங்கப் போகாத வண்டிக்கு விலை எதற்கு?

நிஸா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். உன் வீட்டுக்காரரிடம் வேறு வண்டி தேடச் சொல்.

அல்தாஃப்

•

காந்தலூர்
8 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

பத்து வரி எழுதினீர்கள். அதில் பொய் எத்தனை வரி?

சுதீர் வியாழக்கிழமை கொச்சிக்கு வந்தார். அடிமாலியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வந்தார். இரண்டு மணி நேரம் பார்த்திருக்கிறார்கள். இஞ்சினில் ஒரு குறையும் இல்லை. கறுப்புப் புகையும் இல்லை, வெள்ளைப் புகையும் இல்லை. தோப்பும்படிப் பாலத்தில் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள், சேறு கிடந்த இடத்தில் இறக்கி நாலு சக்கரமும் இழுக்கிறதா என்று பார்த்தார்கள். "அக்கா, இந்த இஞ்சின் இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்று அந்த மெக்கானிக் போனில் என்னிடமே சொன்னார்.

அதோடு முடிந்திருந்தால் 'அண்ணனுக்கு வயசாகிவிட்டது, காது மந்தம்' என்று நினைத்துக்கொண்டு போயிருப்பேன். இசக்கிராஜா சுதீரிடம் என்ன சொன்னார் தெரியுமா? "இந்த வண்டிய 2019ல நான் வாங்கினதே அல்தாஃபிக்கா பார்த்துக் கொடுத்துத்தான். மூணு எம்பதுன்னு டயர்ல எழுதினார், நான் அப்படியே எண்ணிக் கொடுத்தேன். இந்தத் தடவ என்னமோ சாக்பீஸக் கையில வாங்கவே மாட்டேன்னுட்டுப் போயிட்டார்."

ஆக, வேறு யாரோ வாங்கினால் அது நல்ல வண்டி. லமியா வாங்கினால், அதுவும் சுதீர் ஓட்டுவதாக இருந்தால், இஞ்சின் போய்விட்டது.

சுதீரைக் கட்டிக்கொள்ள நான் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று வாசலில் நின்று நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "வெளிப் பெயின்ட் பார்த்து ஏமாந்து போறே. உள்ள என்ன இருக்குன்னு பார்க்கத் தெரிஞ்சவன் நான் சொல்றேன், அவன் சரியில்ல." ஒரு மனுஷனை, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சாயாகூடக் குடிக்காமல், துருப்பிடித்த வண்டி மாதிரி தள்ளினீர்கள். அந்த மனுஷன் ஒன்பது வருஷமாக என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. இப்போது உங்கள் வாக்கை நம்பிக் கடிதம் எழுதச் சொன்னவரே அவர்தான்.

இசக்கிராஜா நாலு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு இறங்கிவிட்டார். முன்பணம் கொடுத்தாயிற்று. 22ஆம் தேதி சனிக்கிழமை சுதீர் வந்து மீதியைக் கொடுத்து வண்டியை எடுக்கிறார். திங்கட்கிழமை முதல் பிள்ளைகள் அதில் வருவார்கள்.

லமியா

•

மட்டாஞ்சேரி
12 பிப்ரவரி 2025

லமியா,

வண்டியை எடுக்காதே. முன்பணத்தைத் திரும்பக் கேள். அவர் தராவிட்டால் நான் தருகிறேன். வேறு நல்ல வண்டி நானே தேடித் தருகிறேன், ஒரு மாசம் பொறு.

இஞ்சின் நன்றாக இருக்கிறது. நான் எழுதியது தப்பு.

உன் வீட்டுக்காரர் மேல் உள்ள கோபத்தில் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பு.

அதிதியை அந்த வண்டியில் ஏற்றாதே.

அல்தாஃப்

•

காந்தலூர்
15 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

என் மகளின் பெயரை முதல் தடவையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. படித்துப் படித்து எனக்குப் பயம் வந்துவிட்டது.

காரணம் என்ன?

சுதீரிடம் காட்டினேன். அவர் சொல்வது நியாயமாகத்தான் இருக்கிறது. "முதல்ல இஞ்சின் மோசம்னார். இப்ப இஞ்சின் நல்லதுங்கிறார். காரணம் கேட்டா இல்ல. இத நம்பி இருபத்தஞ்சாயிரம் முன்பணத்த விட்டுட்டு வரவா? அடுத்த மாசம் பரீட்சை, பிள்ளைங்க நடந்தே வரட்டுமா?" என்கிறார்.

உங்களுக்குச் சொல்ல முடியாத விஷயமாக இருந்தாலும் சொல்லுங்கள். போன் நம்பர் கீழே இருக்கிறது. சனிக்கிழமைக்குள் காரணம் வராவிட்டால் அவர் வண்டியை எடுத்துவிடுவார், நானும் தடுக்க மாட்டேன்.

லமியா

•

தோப்பும்படி, வர்க்‌ஷாப்பிலிருந்து
22 பிப்ரவரி 2025, சனி

லமியா,

சுதீர் வெளியே கடையில் சாயா குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் பஸ் ஏறுவதற்குள் எழுதி அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். நடந்ததை அவர் சொல்வார். ஆனால் என் வாயால் நீ கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் நம்பரை இந்த வாரம் மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் ரிங் போவதற்குள் வைத்துவிட்டேன். பேசத் துணிச்சல் இல்லாதவன்தான் எழுதுகிறேன்.

அந்த ஜீப்பை 2019இல் இசக்கிராஜாவுக்கு விற்றவர் ரஷீது என்ற வியாபாரி. அதற்கு முன் அது இங்கே ஹார்பரில் படகு இழுத்த வண்டி. பின்சக்கரம் தினமும் உப்புத் தண்ணீரில் நின்றிருக்கிறது. ரஷீது அதை என்னிடம்தான் கொண்டுவந்தார். அடியில் போய்ப் பார்த்தால், பின்னால் இடது பக்கம் ஸ்பிரிங் மாட்டுகிற இடத்தில் சேஸிஸ் அரித்துப் போயிருந்தது. விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. வண்டி முழுக்க அந்த இரும்புச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறது, அது போனால் எல்லாம் போச்சு. "உடைச்சு இரும்பு விலைக்குக் கொடு" என்றேன்.

ரஷீது சிரித்தார். "அல்தாஃபிக்கா கையில ஆகாததுன்னு ஒண்ணு உண்டா? அடியில படுத்துப் பார்க்கிற ஆளுக்கே தெரியாத மாதிரி உங்களால செய்ய முடியாதா?" என்றார்.

லமியா, பணத்துக்காகச் செய்தேன் என்றாலாவது ஒரு மரியாதை இருக்கும். கூலி வழக்கமான கூலிதான். முடியும் என்று காட்ட வேண்டும் என்ற திமிரில் செய்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து, அரித்த இடத்தின் மேல் தகடு வைத்து வெல்டு அடித்து, கிரைண்டரால் தேய்த்து, பட்டி பூசி, கறுப்புக் கோட்டிங் அடித்தேன். முடித்துவிட்டு நானே கீழே படுத்துப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை. சந்தோஷப்பட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

பதினைந்து நாள் கழித்து இசக்கிராஜா வந்தார். என் வர்க்‌ஷாப் வாசலிலேயே அந்த ஜீப் வந்து நின்றது. "இக்கா, நீங்க பார்த்துச் சொன்னா வாங்கிடுவேன்." ரஷீது கேட் அருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் மறைத்தவன் நான் என்பது வெளியே வரும். சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் போனேன். எல்லா இடமும் தட்டினேன், அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தட்டினேன். வெளியே வந்து 3,80,000 என்று டயரில் எழுதினேன்.

ஆறு வருஷமாக அந்த வண்டி சமதரையில் தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடியது. அதனால் தாங்கியது. நீ கேட்டதற்காகப் போன மாசம் மறுபடி அதன் அடியில் படுத்தேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. கோட்டிங் உப்பியிருந்தது. பதினோரு பிள்ளைகளும் ஒரு டிரைவரும் அந்த ஏற்றத்தில் ஒரு மாசம் போனால் அது விட்டுவிடும், எனக்குச் சந்தேகமே இல்லை. இசக்கிராஜா சாக்பீஸை நீட்டினார். "என்ன இக்கா, எழுதலையா?" என்றார். சாக்பீஸை வாங்காமல் வந்துவிட்டேன். வந்து உனக்கு இஞ்சின் மோசம் என்று எழுதினேன். உன்னையும் காப்பாற்றிவிடலாம், என் பேரையும் காப்பாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

இன்று காலை சுதீருக்கு முன்பே இடக்கொச்சிக்குப் போய்விட்டேன். அவர் பணத்தோடு வந்ததும், "மாப்பிள்ளை, பணத்தை உள்ளே வைங்க, என்கூட அடியில வாங்க" என்றேன். ஜாக்கி வைத்துத் தூக்கி இருவரும் அடியில் போனோம். உளியை வைத்து அடித்தேன். மூன்றாவது அடியில் தகடு வாயைப் பிளந்தது. துரு கொட்டி சுதீர் சட்டையெல்லாம் கறையாகிவிட்டது. இசக்கிராஜா குனிந்து பார்த்தார். "இதுலதானே இக்கா பொண்டாட்டி பிள்ளைங்களக் கூட்டிட்டு திருச்செந்தூர் போனேன். உங்க எழுத்த நம்பித்தானே போனேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் முன்னாலேயே டயரில் இரும்பு விலையை எழுதினேன், அறுபதாயிரம். அவர் செருப்புக் காலால் அதை அழித்துவிட்டார். என் எழுத்தை நம்பி அவர் கொடுத்த மூணு எண்பதையும் நானே கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உன் முன்பணத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சுதீர் உள்ளே வருகிறார். முடிக்கிறேன்.

அல்தாஃப்

•

காந்தலூர்
1 மார்ச் 2025

அண்ணனுக்கு,

ஒரு வாரமாக எழுத உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

சுதீர் அந்தத் துருச் சட்டையோடுதான் வீட்டுக்கு வந்தார். உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "படிச்சிட்டுக் கத்து. ஆனா ஒண்ணு, உங்க அண்ணன் எனக்கு முன்னாலயே அங்க வந்து நின்னார். அவரே உளிய எடுத்து அடிச்சுக் காட்டினார்" என்றார். அவர் அப்படித்தான், யாரைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை தேடி எடுத்துவிடுவார். எனக்கு அந்த மனசு இல்லை.

ஸ்கூலுக்கு வரும் வழியில் ஒரு வளைவு இருக்கிறது, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. அதில் அந்த ஜீப் போவதாகத் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அதிதி எப்போதும் பின்சீட்டில் இடது ஓரம்தான் உட்காருவாள், வெளியே பார்க்க வேண்டும் என்று. நான் உங்களிடம் கேட்காமல் இருந்திருந்தால்? வேறு ஊர் மெக்கானிக் நல்ல வண்டி என்றுதானே சொன்னார்? அவரைச் சொல்லி என்ன, நீங்கள் அவ்வளவு திறமையாக மறைத்திருக்கிறீர்கள்.

உங்களைத் திட்ட வேண்டும் என்று நினைத்த எல்லாவற்றையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். அதற்கும் கோபம் வருகிறது. ஒன்பது வருஷமாக நான் தலைகுனிந்து கிடந்தேன் அண்ணே. அண்ணன் சரியாகத்தான் பார்த்திருப்பார், தப்பு என்னிடம்தான் இருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். உங்கள் பார்வை தப்பாது என்று ஊரே சொல்லும்போது நான் வேறென்ன நினைப்பேன்?

பிள்ளைகள் இன்னும் நடந்துதான் வருகிறார்கள். காலையில் சுதீர் மேலே போய் அவர்களைக் கூட்டி வருகிறார், யானை நின்றால் விரட்டப் பையில் பட்டாசு வைத்திருக்கிறார். நிறுத்திய நாலு பேரில் மூன்று பேர் திரும்ப வருகிறார்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். இதை எழுதத்தான் ஒரு வாரம் ஆயிற்று.

ரஷீது கேட்டதும் செய்தீர்கள், யாருக்கும் தெரியவில்லை, சந்தோஷப்பட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சந்தோஷப்பட்ட கை ஒரு வண்டியோடு நின்றிருக்குமா? அது மாதிரி இன்னும் எத்தனை வண்டி வெளியே ஓடுகிறது?

எண்ணிக்கை தெரியாமல் நான் உங்களோடு பேச முடியாது. மன்னிப்புக் கேட்டு எழுதாதீர்கள். எத்தனை என்று எழுதுங்கள்.

லமியா

•

மட்டாஞ்சேரி
14 மார்ச் 2025

லமியா,

மூன்று.

இசக்கிராஜாவின் ஜீப்பைச் சேர்க்காமல் மூன்று. உன் கடிதத்தை நிஸாவிடம் கொடுத்தேன். அவளுக்கு எதுவுமே தெரியாது. படித்துவிட்டு, "இத்தனை வருஷம் என் எதிர்ல உட்கார்ந்து சோறு தின்னுக்கிட்டு இதையும் சேர்த்து முழுங்கிட்டிருந்தீங்களா?" என்றாள். ஐந்தாம் நாள் நோட்டும் பேனாவும் கொண்டுவந்து முன்னால் வைத்து, "யோசிச்சு எழுதுங்க, ஒண்ணையும் விடாதீங்க" என்றாள். நோன்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன்.

முதல் வண்டி சேர்த்தலையில் ஒரு பால்காரரிடம் இருந்தது. போய்ச் சொன்னேன். சட்டையைப் பிடித்தார். பிடிக்கட்டும் என்று நின்றேன். அவர் மகன் வந்து விலக்கிவிட்டான். வண்டியை அன்றே நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது கொச்சங்காடியில்தான், கிடங்கு வைத்திருக்கும் ஒருவரிடம், என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அதைப் போன வருஷமே உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். அவரிடமும் சொன்னேன். "அது போன வண்டிதானே, இப்ப எதுக்கு வந்து சொல்றே?" என்றார். அப்புறம் புரிந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார், திரும்பி வரவில்லை.

வர்க்‌ஷாப்புக்கு இப்போது யாரும் வண்டி பார்க்கக் கூப்பிடுவதில்லை. இசக்கிராஜா எல்லோரிடமும் சொல்லிவிட்டார், சொல்ல வேண்டியதுதான். ரஷீதும் வந்தார், "உங்க வாயால என் வியாபாரம் போச்சு" என்று சண்டை போட்டார். எனக்குப் பயமாக இல்லை. மற்ற வேலை வருகிறது. கிளட்ச் மாற்ற, பிரேக் பார்க்க வருகிறார்கள். பக்கத்திலேயே நின்று நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு ஜீப் பார்த்து வைத்திருக்கிறேன். 2010 மாடல், பாலக்காட்டுப் பக்கம் ஓடியது, கடல் பக்கமே வராத வண்டி. குறைகளை எல்லாம் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஸ்டியரிங் ஆட்டம் இருக்கிறது, முன்பக்க டிஃபரன்ஷியலில் ஆயில் கசிகிறது, தரையில் இரண்டு இடத்தில் ஓட்டை. இவ்வளவையும் கழித்தால் மூணு தொண்ணூறு நியாயம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதே. ஆனால் நான் சொன்னேன் என்று வாங்காதே. சுதீர் வேறு இரண்டு பேரைக் கூட்டிவந்து பார்க்கட்டும், சேஸிஸை ஒரு அங்குலம் விடாமல் அவர்களே தட்டட்டும். நான் தள்ளி நின்றுகொள்கிறேன்.

மூன்றாவது வண்டியைத்தான் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. வெள்ளை ஜீப், தகரக் கூரை. இதில் அரிப்பு வலது பக்கம், முன் ஸ்பிரிங் மேலே. நாலு வருஷம் முன்னால் மூணாறுக்குப் போனது. டூரிஸ்ட்டுகளை ஏற்றி மலைக்கு மேலே கொண்டுபோகிற ஒருவர் வாங்கினார். அவர் வேறொருவருக்குக் கொடுத்து, அவர் இன்னொருவருக்குக் கொடுத்து, இப்போது யார் கையில் என்று தெரியவில்லை. பழைய நம்பரில் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. நாளை மறுநாள் பஸ் ஏறுகிறேன். மூணாறு, மறையூர், உங்கள் காந்தலூர் என்று ஒவ்வொரு ஸ்டாண்டாகத் தேடப் போகிறேன். உன் வீட்டுக்கு வருவேன் என்று சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது.

வண்டி நம்பரை இதோடு தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன். நான் வந்து சேருவதற்குள் நீயோ சுதீரோ அதை எங்கேயாவது பார்த்தால், கையைக் காட்டி நிறுத்துங்கள். ஆட்களை முதலில் இறக்குங்கள். ஓட்டுகிறவன் லேசில் கேட்க மாட்டான். "கொச்சியில அல்தாஃபிக்கா பார்த்துக் கொடுத்த வண்டி, ஒண்ணும் ஆகாது" என்றுதான் சொல்வான், அப்படிச் சொல்லித்தான் ஒவ்வொருவரும் விற்றிருப்பார்கள். அந்த அல்தாஃபின் தங்கைதான் நிறுத்துகிறேன் என்று சொல்.

அல்தாஃப்